முப்பது டிகிரியில் ஒரு தாய்மாவு

பினாங்கில் பட்டர்வொர்த், மாக் மண்டின் பக்கம் வீட்டிலேயே சவர்டோ, அதாவது இயற்கையாகப் புளிக்கவைத்து எழுப்பும் ரொட்டி சுட நினைப்பவர்கள், ஓவனைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. நம் கைக்கு வரும் செய்முறைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். இங்கே விடியற்காலையில்கூட 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். மத்தியானம் 31, 32. தொழிற்பேட்டையை ஒட்டிய வரிசை வீடுகளில், பின்பக்கம் கூரை நீட்டிக் கட்டிய சமையலறை என்றால் அதற்கும் மேலே போகும்.

இந்த ஏழெட்டு டிகிரி வித்தியாசம் தெரியாமலும், போத்தலுக்குள் நடப்பது புரியாமலும் எத்தனையோ பேர் மனம் விட்டுப்போயிருக்கிறார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கடைகளில் ஈஸ்ட் பாக்கெட் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. மாவையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் கலந்து வைத்தால் ஈஸ்ட் தானே வரும் என்று கேள்விப்பட்டுப் பல வீடுகளில் முயன்றார்கள். “ரெண்டாம் நாளு பொங்கி வழிஞ்சுச்சு அக்கா, நாலாம் நாளு அப்படியே செத்துப்போச்சு” என்ற பேச்சை அப்போது அடிக்கடி கேட்க முடிந்தது. அந்த மாவு சாகவில்லை. அதற்குள் ஓர் ஆட்சி மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பொறுமையாகப் பார்த்திருந்தால் இன்னும் மூன்று நாளில் ரொட்டி சுட்டிருக்கலாம்.

ரொட்டிக்கான தாய்மாவு என்பது மாவு, தண்ணீர், அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். காற்றிலிருந்து ஈஸ்டைப் ‘பிடிப்பதாக’ச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த உயிர்களில் பெரும்பங்கு மாவோடு சேர்ந்தே வருகின்றன. கோதுமை மணியின் மேல்தோலில் ஒட்டியிருந்தவை அவை. ஆகவேதான் தவிடு நீக்கிய வெள்ளை மாவில் தொடங்குவதைவிட ஆட்டா மாவில் தொடங்கினால் சீக்கிரம் உயிர் பிடிக்கிறது. நம் ஊர் மளிகைக் கடையில் வெறுமனே ‘கோதுமை மாவு’ என்று கேட்டால் வெள்ளை மாவைத்தான் எடுத்துத் தருவார்கள். தொடங்குவதற்கு ஆட்டா என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் இரண்டு நாளில் போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாவு நனைந்தவுடன் எல்லா வகை பாக்டீரியாக்களும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. அவற்றில் வேகமாகப் பெருகும் ஒன்று லூக்கோனாஸ்டாக் இனம். இது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிடும். மாவு பொங்குவது இந்த வாயுவால்தான். ஈஸ்ட் இன்னும் அந்தக் களத்துக்கே வரவில்லை. ஆனால் லூக்கோனாஸ்டாக் தான் உண்டாக்கும் புளிப்பைத் தானே தாங்காது. மாவின் புளிப்பு ஓரளவுக்கு மேல் ஏறியதும் அதன் வளர்ச்சி தளர்கிறது. மாவு அமுங்கி, அசைவற்றுக் கிடக்கிறது. அந்த நாலாம் நாள் ‘சாவு’ இதுதான். அதற்குப் பிறகு அதிகப் புளிப்பைத் தாங்கும் வேறு லாக்டிக் பாக்டீரியாக்கள் இடம் பிடிக்கின்றன. அந்தப் புளிப்பிலும் வாழத் தெரிந்த ஈஸ்ட்கள் மெதுவாகப் பெருகுகின்றன. ஆறு, ஏழு நாளில் மாவு மறுபடி எழும்பும். இந்த முறை அது நிலைத்த எழுச்சி.

லூக்கோனாஸ்டாக் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வருவது இட்லி. இட்லி மாவு ஏன் உப்புகிறது என்பதை நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தார்கள். எஸ்.கே. முகர்ஜி, கீத் ஸ்டைன்கிராஸ் முதலியோரின் கட்டுரை 1965இல் வெளிவந்தது. மாவை உப்பவைப்பது ஈஸ்ட் அல்ல, லூக்கோனாஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று அவர்கள் காட்டினார்கள். அது வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. உளுந்தோடும் அரிசியோடுமே வருகிறது. ஊறவைத்து அரைத்து, ராத்திரி மூடி வைத்தால் விடியும்போது இரண்டு மடங்காகிவிடுகிறது. நாம் அந்த நேரத்திலேயே எடுத்து வேகவைத்துவிடுகிறோம்.

அதாவது ரொட்டிக்காரர் ‘பொய் எழுச்சி’ என்று ஒதுக்கும் அதே கட்டம்தான் இட்லிக்காரருக்கு முழு எழுச்சி. ஒரே இனத்துப் பாக்டீரியா ஒரு சமையலறையில் வேலையை முடித்துக் கொடுக்கிறது; இன்னொன்றில் வேலை தொடங்குவதற்கு முன்னால் வந்து போகிறது. பொங்கல், தீபாவளி என்று விடாமல் மாவரைத்த வீடுகளுக்குச் சவர்டோவின் முதல் பாதி ஏற்கெனவே பழக்கமானது. மழைக்காலத்தில் மாவு சுணங்கும், வெயில் நாளில் விடிவதற்குள் பொங்கி வழியும் என்பதை நம் அம்மாக்கள் கடிகாரம் பார்த்துச் சொல்லவில்லை, மாவைப் பார்த்துச் சொன்னார்கள். ரொட்டிக்கும் அதே பார்வைதான் தேவை.

ரொட்டி மாவின் அந்த நாலாம் நாள் சுணக்கத்தைத் தாண்ட ஓர் அருமையான வழி உண்டு. அது நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது. டெப்ரா விங்க் என்ற அமெரிக்கர் தன் மாவை நுண்ணோக்கியில் பார்த்து, தொடக்கத்து வாயு லூக்கோனாஸ்டாக்கின் வேலை என்று கண்டுகொண்டார். மாவை முதல் நாளே புளிப்பாக்கிவிட்டால் அந்தக் கட்டத்தையே தவிர்த்துவிடலாமே என்று யோசித்து, தண்ணீருக்குப் பதில் அன்னாசிச் சாறு ஊற்றிப் பார்த்தார். அவருடைய கட்டுரைகள் 2008இல் வெளிவந்தன. அன்னாசிச் சாறு ஏறக்குறைய 3.5 பி.எச். புளிப்புள்ளது, லூக்கோனாஸ்டாக்குக்கு அது ஒத்துவராது, ஈஸ்டுக்குத் தொந்தரவில்லை. முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சாறு, பிறகு தண்ணீர். சர்க்கரை சேர்க்காத சாறாக இருந்தால் போதும். பழத்தில் இருக்கும் ப்ரோமலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்குமே என்ற சந்தேகம் வரலாம். அடுத்தடுத்த நாளில் பழைய மாவை எடுத்துவிட்டுப் புது மாவு போட்டுக்கொண்டே போவதால் அது கரைந்து இல்லாமல் போய்விடும்.

வளர்ந்து நிலைத்த தாய்மாவுக்குள் இருக்கும் உறவு இன்னும் சுவையானது. 1971இல் கலிஃபோர்னியாவில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் லியோ க்ளைன், டி. எஃப். சுகிஹாரா இருவரும் சான் பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கூடவே வாழும் ஈஸ்டுக்கு மால்ட்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்னத் தெரியாது. மாவுச்சத்து உடையும்போது அதிகம் கிடைப்பதோ மால்ட்டோஸ்தான். பாக்டீரியாவுக்கு மால்ட்டோஸ்தான் விருப்பம். அது மால்ட்டோஸை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு குளுக்கோஸை வெளியே விடுகிறது. ஈஸ்ட் அதைத் தின்கிறது. இரண்டும் ஒரே போத்தலில் சண்டையில்லாமல் குடியிருக்க இதுவே வழி. அந்த ஊர் மண்ணுக்கே உரியது என்று ஒரு காலத்தில் நினைத்த அந்தப் பாக்டீரியா பிறகு பல நாட்டு மாவுகளில் கிடைத்தது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு கண்டங்களிலிருந்து 500 தாய்மாவுகளைச் சோதித்தார்கள். எந்த ஊர் என்பதை வைத்து மாவுக்குள் யார் இருப்பார்கள் என்று பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து யாராவது பொட்டலம் கட்டி அனுப்பினால்தான் நல்ல தாய்மாவு என்று காத்திருக்க வேண்டாம்.

இனி அந்த ஏழெட்டு டிகிரிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ ஜோடியை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்துப் பார்த்த மிக்கேல் கென்ஸ்லே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1998இல் எழுதிய முடிவு இது: பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தது 32, 33 டிகிரி; ஈஸ்டுக்கோ 27. அதற்கு மேல் போகப் போக ஈஸ்டின் வேகம் சரிந்து, 36 டிகிரி அளவில் வளர்ச்சியே நின்றுவிடுகிறது. எல்லா ஈஸ்டும் இப்படியே நடக்கும் என்றில்லை. ஆனால் திசை ஒன்றுதான். வெப்பம் ஏற ஏற, வாயுவை முந்திக்கொண்டு புளிப்பு ஓடுகிறது. பினாங்கு மத்தியானம் என்பது பாக்டீரியாவின் சொந்த வீடு.

புளிப்பு முந்தினால் என்ன நட்டம்? ருசி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ரொட்டியைத் தாங்கி நிறுத்துவது குளூட்டன். கோதுமையின் இரண்டு புரதங்கள் தண்ணீரில் சேர்ந்து பின்னும் இழுபடும் வலை. மாவிலேயே புரதத்தை உடைக்கும் நொதிகள் தூங்கிக் கிடக்கின்றன. அவை புளிப்பு ஏறும்போதுதான் சுறுசுறுப்பாகின்றன. இதைக் கண்ணால் பார்க்கலாம். பிசைந்த மாவு இரண்டாம் மணி நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகி, மேலே பளபளப்பாக, ஈரக்கையால் தூக்கினால் ஒரே தோலாக எழுந்து வரும். மூன்றரை மணி நேரத்தில் வயிறு ஊதி, விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்ல மேலே வரும். சுட வேண்டிய நேரம் அதுதான். அப்படியே ஆறு மணி நேரம் கிடந்தால் அதே மாவின் மேற்பரப்பு கிழிந்து, துளைகள் தெரிந்து, தூக்கும்போது கையோடு நூல் நூலாக ஒழுகும். இன்னும் மாவு சேர்த்து அதைக் கட்டிவிடலாம் என்று பலரும் முயல்வார்கள். பயனில்லை, வலை அறுந்துவிட்டது. அந்த மாவை வீணாக்காமல் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு தோசைக்கல்லில் ஊற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

இட்லிக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? அங்கே குளூட்டனே கிடையாது. வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்து. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இதைத் துருவினார்கள்: உளுந்தின் குளோபுலின் புரதம் நுரையை உண்டாக்குகிறது, அராபினோகேலக்டன் என்ற வழவழப்பான மாச்சத்து அந்த நுரை உடையாமல் காக்கிறது. ஆகவே இட்லி மாவு சற்று அதிகம் புளித்தாலும் ஆவியில் எழும்பிவிடும். ரொட்டி மாவு அந்தச் சலுகையைத் தராது.

வெப்பத்தை ஜெயிக்க முதல் ஆயுதம் கணக்கு. பழைய மாவு, புது மாவு, தண்ணீர் மூன்றும் சம அளவில் கலந்தால் நுண்ணுயிர்க் கூட்டம் மூன்று மடங்காகப் பெருகினால் போதும், பழைய அடர்த்தி வந்துவிடும். அதற்கு ஒன்றரை முறைக்குச் சற்று அதிகமாக இரட்டித்தால் சரி. நம் வெயிலில் அது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று வையுங்கள். நாம் தூங்கி எழும்போது மாவு பசித்து அமுங்கிக் கிடக்கும். ஒரு பங்கு பழைய மாவுக்குப் பத்துப் பங்கு மாவு, பத்துப் பங்கு தண்ணீர் என்று ஊட்டினால் 21 மடங்கு பெருக வேண்டும். ஏறக்குறைய நாலரை முறை இரட்டிப்பு. மூன்று மணி நேரம் எட்டு மணி நேரமாக நீள்கிறது. ராத்திரி பத்து மணிக்கு 10 கிராம் பழைய மாவில் 100 கிராம் மாவும் 100 கிராம் தண்ணீரும் கலந்துவைத்தால் காலை ஆறு மணிக்கு உச்சத்தில் நிற்கும். வெளிநாட்டுச் செய்முறை சொல்லும் சம அளவுக் கணக்கு இங்கே ராத்திரிக்கு ஒத்துவராது.

இரண்டாவது ஆயுதம் குளிர்ந்த தண்ணீர். ஒரே எடையில் தண்ணீர் பிடித்து வைக்கும் வெப்பம் மாவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே பிசைந்த மாவின் சூட்டைத் தண்ணீரைக் கொண்டு திருப்பிவிடலாம். 30 டிகிரியில் இருக்கும் 500 கிராம் மாவில் 20 டிகிரித் தண்ணீர் 350 கிராம் ஊற்றினால் கலவை 24 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த 8 டிகிரித் தண்ணீர் என்றால் 17க்கே இறங்கிவிடும். அறை அதை மெல்லச் சூடேற்றும், ஆனால் நமக்கு இரண்டு மணி நேரம் கையில் கிடைக்கும். மூன்றாவது, உப்பு. கென்ஸ்லேயின் சோதனையில் 4 சதவீத உப்பு அந்தப் பாக்டீரியாவை நிறுத்திவிட்டது, ஈஸ்டோ 8 சதவீதம் வரை சமாளித்தது. தாய்மாவு மிகவும் புளித்துப்போகும் வீடுகளில் ஊட்டும்போது ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பது இதனால்தான் பலன் தருகிறது.

மாவு வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரொட்டிக்கு நல்லது. கேக் மாவில் அது 8, 9தான். மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா என்று கப்பலில் வரும் கோதுமையை இங்கே அரைக்கிறார்கள்; பேராக் மாநிலத்து லூமூட்டில் மலாயன் ஃப்ளவர் மில்ஸ் ஆலை 1966 முதல் ஓடுகிறது. கோதுமை வயல் இல்லாத நாட்டில் இத்தனை வகை ரொட்டி வந்தது கப்பல் துறைமுகத்தின் கொடை.

அந்தக் கொடையில் தமிழர் பங்கு பெரிது. ஜார்ஜ் டவுன் டிரான்ஸ்ஃபர் சாலையில் தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறைகளாகச் சுட்டுவரும் ரொட்டி பெங்காலி, தடித்த மேல்தோலும் மெத்தென்ற உள்ளும் கொண்டது. கறியில் தோய்த்தால் கரையாமல் குழம்பை இழுத்துக்கொள்ளும். மோட்டார்சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரிடம் அதை வாங்கிப் பருப்புக் குழம்போடு தின்று வளர்ந்தவர்கள் நாம். அது பாக்கெட் ஈஸ்டில் எழும்பும் ரொட்டி. ஆனால் இயற்கையாகப் புளிக்கவைத்து எழுப்பும் பழக்கமும் நம்மிடம் அந்நியமல்ல. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அப்ப மாவில் கள் ஊற்றுவார்கள். கோவாவில் ரொட்டிக்கே கள் ஊற்றினார்கள். கள்ளில் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கின்றன. தென்னை மரத்திலிருந்து இறக்கிய தாய்மாவு என்றே அதைச் சொல்லலாம்.

இன்னொரு நம்பிக்கையையும் அறிவியல் தொட்டுப் பார்த்திருக்கிறது. கையால் கலந்தால்தான் மாவு நன்றாகப் புளிக்கும், சிலர் கைக்கு மாவு நல்லா வரும் என்று வீட்டில் சொல்வார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல நாட்டு ரொட்டிக்காரர்களுக்கு ஒரே மாவைக் கொடுத்து, அவரவர் ஊரில் தாய்மாவு வளர்க்கச் சொன்னார்கள். பிறகு பெல்ஜியத்தில் கூட்டி, மாவையும் கையையும் சோதித்தார்கள். சாதாரணமாக மனிதத் தோலில் மிகக் குறைவாக இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் ரொட்டிக்காரர் கைகளில் மண்டிக் கிடந்தன. மாவிலிருந்து கைக்கும் கையிலிருந்து மாவுக்கும் போக்குவரத்து உண்டு. இட்லிக்கு உளுந்தே போதுமான பாக்டீரியாவைக் கொண்டுவந்துவிடுகிறது என்பதால் கையின் பங்கை அளவுக்கு மீறிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் மாவில் புழங்கும் கை வெறும் கையல்ல என்பது நிச்சயம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் சவர்டோவுக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒன்று. ரொட்டியில் வரும் ‘கயிறு நோய்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பவர்கள் குறைவு. பேசிலஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாமல் ரொட்டியின் நடுவில் பிழைத்திருக்கும். நடுப்பகுதி வெந்து முடியும்போதும் 100 டிகிரியைத் தொடுவதில்லை என்பதே அவற்றுக்கு வாழ்வு. புழுக்கமான அறையில் ஓரிரு நாள் வைத்தால் அவை முளைத்து, உள்ளே கசகசவென்று, பிய்த்தால் நூலாக இழுபடும். அழுகிய பழ வாடை வரும். குளிர் நாட்டில் அரிதான இந்தக் கேடு 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தழைக்கிறது. ஆலை ரொட்டியில் கால்சியம் புரோப்பியோனேட் சேர்ப்பதற்கு இதுவும் பூஞ்சணமும் காரணம். சவர்டோவில் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன: அந்தப் புளிப்பில் பேசிலஸ் முளைக்காது, பூஞ்சணமும் தாமதமாகவே வரும்.

உடல்நலம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நீண்ட புளிப்பில் தானியத்தின் ஃபைட்டிக் அமிலம் குறைந்து இரும்பும் துத்தநாகமும் உடலில் ஏறுவது எளிதாகிறது. ஆட்டா ரொட்டியில் இது உண்மையான ஆதாயம். ஆனால் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குச் சவர்டோவும் ஆகாது. நீரிழிவுக்காரர்களும் துண்டுக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

வாரத்தில் ஒரு முறை மட்டும் சுடும் வீட்டில் தாய்மாவை ஃபிரிட்ஜில் வைப்பதே முறை. ஊட்டி, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, குமிழ் தெரிந்ததும் உள்ளே வையுங்கள். பெல்ஜியத்தின் சாங்க்ட் ஃபீத் ஊரில் 2013இல் தொடங்கிய சவர்டோ நூலகத்தில் உலகத் தாய்மாவுகளை 4 டிகிரியில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஊட்டுகிறார்கள். மேலே கறுத்த தண்ணீர் மிதந்தால் பயப்பட வேண்டாம். பசியின் அடையாளம், கொட்டிவிட்டு ஊட்டலாம். சிவப்போ ஆரஞ்சோ கோடு தெரிந்தால், பூஞ்சண மயிர் முளைத்தால், சுரண்டி எடுத்துப் பிழைக்கவைக்க முயலாதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். அதற்காகவே நல்ல நிலையில் இருக்கும்போது கொஞ்சம் காயவைத்து எடுத்துவைப்பது நல்லது. உச்சத்தில் நிற்கும் மாவை எண்ணெய்த்தாளில் மெல்லிசாகத் தடவி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நம் ஈரக்காற்றில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் பிடிக்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள். அப்பளம்போல ‘படக்’கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. பொடித்து இறுக்கமான டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து மாவு சேர்த்தால், இரண்டு மூன்று ஊட்டலில் மறுபடி எழும்பிவிடும். பொட்டலம் கட்டித் தைப்பிங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் தங்கைக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பலாம். கூடவே ஒரு சீட்டில் பத்துப் பங்குக் கணக்கையும் எழுதி வையுங்கள்.